பழகிய இடத்தில் வழி தவறுதல்

வியாழக்கிழமை. ஆகஸ்ட் பதினைந்து. குளிர்காலம். இரண்டாம் மாடி. தவராசா நான்கையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். நான்கும் இருந்தன. இருக்கின்றன என்று தெரிந்த மறுகணமே இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது, பார்த்தார், இருந்தன. கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றாகத் தேடி, முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி வதனி. மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் வரவேற்பு மேசைப் பெண் கொடுத்த படிவம். நோயாளியோடு வீட்டில் இருப்பவர் நிரப்ப வேண்டியதாம். வதனி பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். இப்போது பத்து எட்டு. உள்ளே முதலில் கிழமை, திகதி, பருவம், மாடி கேட்பார்கள், பூமியின் இந்தத் தென்பாதியில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம். பிறகு மணிக்கூடு வரையச் சொல்வார்கள். வட்டம் போட்டதும் முதலில் பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது, பிறகுதான் இடையில் உள்ளவை, அப்போதுதான் எண்கள் ஒரு பக்கமாகச் சரியாது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள்: தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அதை அவர் கணக்காகச் செய்வதில்லை, தேவாரம் மாதிரிப் பாடமாக்கியிருந்தார். மூன்று கிழமையாக, டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸின் கடைசி இருக்கையில் போய் இருந்துகொண்டு, ஃபோனைப் பார்த்துப் பாடமாக்கியது. வருடாந்தப் பரிசோதனையில் கொம்பனியின் டொக்டர் பஸ் லைசன்சுக்குக் கையெழுத்து வைக்கப் போனவர், மோதி மோதிச் சப்பளிந்துபோன தவராசாவின் காதுகளைப் பார்த்துவிட்டு, நீ ரக்பி லீக் ஆடியவனா, எத்தனை வருஷம், என்று கேட்டார். பதினொரு வருஷம், முன்வரிசையில், என்றார் தவராசா, பெருமையாகவே. டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நரம்பு டொக்டர் ஒருவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார். அதனால்தான் இந்தக் கதிரை. கடிதம் கிடைத்தால் இன்று பின்னேரம் இரண்டு நாற்பதுக்கு வழக்கம்போல் பஸ் எடுக்கலாம். கிடைக்காவிட்டால். அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது, அதற்கு மேல் வீதி போடவில்லை என்பதுபோல.

"காலமை ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள்," என்றாள் வதனி.

"வேண்டாம்."

"பிஸ்கட் கிடக்கு பையுக்குள்ளை."

"வேண்டாமெண்டுறன்."

"அப்ப முகத்தையாவது நல்லா வைச்சிருங்கோ. இப்பிடி முழுசிக்கொண்டு உள்ளுக்குப் போனால் அந்தப் பிள்ளை பயந்திடும்."

"எந்தப் பிள்ளை?"

"டொக்டர்தான். படம் தொங்குது பாருங்கோ. எங்கடை மகளிலும் சின்னனாய் இருப்பா போலை."

அவர் படத்தைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார். பதினாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கட்டங்கள்: மாற்றமில்லை, கொஞ்சம் மாற்றம், அதிக மாற்றம். கடந்த ஐந்து வருஷத்தில் இவர் எப்படி என்பதை இவரோடு வாழ்கிறவர் சொல்ல வேண்டும். இவர் பக்கத்திலேயே இருக்கிறார், இவரைக் கேட்க மாட்டார்கள். வதனி எழுதத் தொடங்கினாள். பேனா கீழே இறங்கியது, ஒரு சின்ன அசைவு, அடுத்த வரி. கைப்பையைச் சற்றே சரித்துப் பிடித்திருந்ததால் எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. முதலாவது கேள்வி குடும்பத்தவரின் பெயர்கள். அதில் ஒன்றுமில்லை. பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. நாலாவதோ ஐந்தாவதோ, பொருள்களை வைத்த இடம். அதில் கொஞ்சம் உண்டு, யாருக்குத்தான் இல்லை. பழகிய இடத்தில் வழி தவறுதல் என்று ஒன்று இருக்கும். இருந்தால் அவள் அங்கே நிற்பாள். ஏனென்றால் அது அவளுக்குத் தெரியும், அவரே வந்து சொன்னார், மே மாதத்தில், சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்று. அன்றைக்கு முப்பது பேரை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டவர், ரவுண்டபவுட்டில் இடது பக்கம் எடுப்பதற்குப் பதிலாக நேரே போனார், நேரே போய்ப் பழைய பாதையில், எட்டு வருஷத்துக்கு முன் அவர் ஓட்டிய பாதையில், ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒழுங்காக நிறுத்தி நிறுத்திப் போனார். தரிப்பிடங்களில் ஒருவரும் நிற்கவில்லை. பின்னால் சனம் ஒருவரையொருவர் பார்த்தது. ஒரு பெண் எழுந்து வந்து, டிரைவர், இது எங்கே போகிறது, என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. எங்கே போகிறது என்று தெரியாமலா ஏறினாய் என்று கேட்க வாய் திறந்தபோதுதான், வலப்பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மரத் தளபாடக் கடை இல்லை என்று கண்டார், அதை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள், அது தனக்குத் தெரியும், கட்டி முடித்தே நாலு வருஷம் என்று தெரியும். வீதி வேலை நடக்குது, சுத்திப் போறன், என்று சொன்னார். நம்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வருகிற சொல்லைச் சனம் நம்பும். வதனிக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, கேட்டுவிட்டு, நித்திரை காணாமல் இருந்திருக்கும், என்றாள். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அது போதாதா. மற்றது. மற்றதை அவளுக்குச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு. வியாழக்கிழமை. ஆகஸ்ட் பதினைந்து. குளிர்காலம். இரண்டாம் மாடி.

"நீ டவ் தானே?" என்று எதிரிலிருந்து ஒரு குரல் வந்தது. எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர், மடியில் தொப்பி, பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்ட மனைவி. "எட்டாம் நம்பர்?"

தவராசா என்ற பெயர் ரக்பிக் கழகத்தில் சேர்ந்த ஆறாம் நாளே உதிர்ந்து டவ் ஆகியிருந்தது. அவர்கள் பாஷையில் புறா. நூற்றெட்டுக் கிலோப் புறா என்று ஒலிபெருக்கிக்காரன் சொல்வான், கூட்டம் கூவும். அவர் ஆமென்று தலையசைத்தார்.

"நான் லெஸ். தொண்ணூற்று நான்கில் எங்கள் அணிக்கு எதிராக ஆடினாய். நல்ல மழை. என் மச்சான் ரிக்கியின் விலா எலும்பை உடைத்தவன் நீ."

"அவர் எப்படி இருக்கிறார்?"

"செத்துப் போனான். பயப்படாதே, விலாவால் இல்லை. மீன்பிடிக்கப் போய்." லெஸ் முன்னால் சாய்ந்தார். "அன்றைக்கு நீ மூன்று தரம் மண்டையில் வாங்கினாய், ஞாபகமா? மூன்று தரமும் எழுந்தாய். மூன்றாம் தரம் எழுந்து எங்கள் வரிசையில் வந்து நின்றாய். எங்கள் ஆட்களுக்கு நடுவில், பந்து வரும் என்று கையை விரித்துக்கொண்டு. மைதானமே சிரித்தது. ரிக்கிதான் உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். அந்தமாதிரி முரடர்கள் இப்போது எங்கே?"

"எங்கே," என்று சிரித்தார் தவராசா. முகம் சரியான இடத்தில் சிரித்தது.

"யாரோடு பேசுகிறாய்?" என்றாள் லெஸ்ஸின் மனைவி.

"டவ். புறா."

"புறாவுக்கு இங்கே என்ன வேலை?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள். லெஸ் அவள் கையைத் தடவினார். அப்போது மருத்துவத் தாதி வந்து அவர்களைக் கூப்பிட, இருவரும் எழுந்து மெதுவாகப் போனார்கள்.

அவருக்கு அந்த ஆட்டம் ஞாபகமில்லை. மழை இல்லை, ரிக்கி இல்லை, தோளைப் பிடித்த கை இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஞாபகம் இருப்பதெல்லாம் ஆட்டத்துக்கு முந்தியவை: தைல மணம், காதைச் சுற்றி ஒட்டுகிற பிளாஸ்டர், சிமெந்துத் தரையில் சப்பாத்து ஆணிகளின் சத்தம். அதற்குப் பிறகு வேலை எளிது. பந்தை வாங்கி எதிரே நிற்கும் வரிசைக்குள் நேரே ஓடு, மோது, விழு, எழுந்து காலால் பந்தைப் பின்னுக்குத் தள்ளு, திரும்பி ஓடி வந்து இன்னொரு தடவை. விலகி ஓடுவது பின்வரிசைக்காரரின் வேலை. முன்வரிசைக்காரன் விலகக்கூடாது. அப்பா ஒரேயொரு ஆட்டத்துக்கு வந்தார், பாதியில் எழுந்து போய் ரயில் நிலையத்தில் காத்திருந்தார். அடிவாங்கிச் சாகிறதுக்கோ கடல் தாண்டி வந்தனாங்கள், என்று கேட்டார், ஒரே ஒரு தடவை. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில், வெள்ளவத்தையில், பக்கத்து வீட்டுக்காரரின் சாமான் அறையில், பதின்மூன்று வயது மகனின் வாயைப் பொத்திக்கொண்டு பகல் முழுக்க இருந்தவர் அவர். வெளியே வீதியால் ஓடுகிற கால்களின் சத்தம். அன்றைக்கு ஓடியவர்கள் எல்லாம் யாரிடமிருந்தோ ஓடினார்கள், அல்லது யாரையோ துரத்தினார்கள். பிறகு இந்த நாட்டில், பள்ளிக்கூட மைதானத்தில், ஒரு வாத்தியார் அவர் கையில் பந்தைக் கொடுத்து, அந்தா நிற்கிறார்கள் பதின்மூன்று பேர், அவர்களுக்குள்ளே ஓடு, என்றபோது, அப்படியும் ஒன்று செய்யலாமா என்று இருந்தது. அது துணிவு என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தார். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. மோதுவதற்குப் பயந்ததில்லை. ஆனால் வெளியே எடுத்துவிடுவார்களோ, கோட்டுக்கு அந்தப் பக்கம் போர்வையைப் போர்த்திக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கவேண்டி வருமோ என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை என்ன பெயரால் அழைப்பது. பஸ்ஸிலும் அதுதானே. வதனியின் பேனா எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றது. நின்று, யோசித்து, அசைந்தது.

பாட்டு. அதை நினைக்கக்கூடாது, உள்ளே போனபிறகு நாக்கில் வந்துவிடும். ஆனால் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தலையில் அடிபட்டு விழுந்தால் பயிற்சியாளரின் உதவியாள் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து ஐந்து கேள்வி கேட்பான். எந்த மைதானம். முதற் பாதியா, இரண்டாம் பாதியா. கடைசியாகப் புள்ளி எடுத்தது யார். போன கிழமை யாரோடு ஆடினோம். வென்றோமா. ஐந்துக்கும் சரியாகச் சொன்னால் ஆடலாம். ஆகவே ஆடுவதற்கு முன்பே விடைகளைப் பாடமாக்கினார்கள். விலியாமி, பத்தாம் நம்பர், தொங்காத் தீவுக்காரன், ஞாயிறுகளில் தேவாலயத்தில் பாடுகிறவன், அதற்கு ஒரு கீதத்தின் மெட்டுப் போட்டான். உடை மாற்றும் அறையில் பதின்மூன்று பேரும் தொடையைத் தட்டிப் பாடுவார்கள், மைதானத்தின் பெயர், போன கிழமை எதிரணியின் பெயர், வென்றோம், வென்றோம். ஆனால் பாதியும் கடைசிப் புள்ளியும் ஆட்டத்தோடு மாறுகிறவை, அவற்றைப் பாட்டில் வைக்க முடியாது. அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. விழுந்தவனுக்குக் கிட்ட நிற்கிறவன் குனிந்து அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவான். கட்டும்போது சொல்லிக்கொடுப்பான். எல்லாக் கழகத்திலும் இப்படித்தானா, தெரியாது. தங்களுடையதில் இப்படி. தொண்ணூற்றாறில் அரையிறுதி. விலியாமியின் தலை ஒருவனின் இடுப்பெலும்பில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை, கதவு மெல்லச் சாத்துவது போலத்தான். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஒருவரும் இல்லை. கிட்ட நின்றவர் தவராசா. குனிந்தார், கயிற்றைக் கட்டினார், இரண்டாம் பாதி, ஹாரிஸ், என்றார். ஹாரிஸ். இரண்டாம் பாதி. விலியாமி ஐந்துக்கும் சொன்னான், கடைசி இரண்டையும் மெட்டோடு சொன்னான், உதவியாள் சிரித்துவிட்டுப் போனான். பத்து நிமிடம் கழித்து அவன் திரும்ப விழுந்தான். அப்போதும் யாரோ கயிறு கட்டினார்கள். ஆட்டத்தை வென்றார்கள். அடுத்த கிழமை பாட்டில் அந்த வெற்றியே விடையாக இருந்தது. இப்போது விலியாமி ஒரு பராமரிப்பு இல்லத்தில், யன்னலோரக் கட்டிலில். தவராசா போகும்போதெல்லாம் மரியாதையாக எழுந்து கைகொடுக்கிறான், நீங்கள் மெலேயின் சொந்தக்காரரா, என்று கேட்கிறான். மெலே அவன் மனைவி. அவள் தவராசாவுக்குத் தேநீர் போட்டுத் தருகிறாள். நீ மட்டும்தான் இன்னும் வருகிறாய், என்கிறாள். இரண்டே விடை. வேறு யாராவது கிட்ட நின்றிருந்தாலும் அதே இரண்டு விடையைத்தான் சொல்லியிருப்பான். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய. நின்றது தான்தானே.

பேனா ஓய்ந்தது. வதனி மூடியை மாட்டினாள். பத்து இருபத்தொன்று. படிவத்தை இரண்டாக மடிக்கப் போனவளின் கையிலிருந்து அவர் அதை வாங்கினார். அவள் விடவில்லை, பிறகு விட்டாள். பதினாறு கேள்விகள், பதினாறு சரி அடையாளங்கள், எல்லாம் ஒரே நிரலில், மேலிருந்து கீழ்வரை, மாற்றமில்லை, மாற்றமில்லை. பதினோராவது: பழகிய இடத்தில் வழி தவறுதல். மாற்றமில்லை. அங்கேயும் பேனா நடுங்கவில்லை.

"வதனி."

"ம்."

"பதினொண்டு."

"எனக்கு வாசிக்கத் தெரியும்."

"மே மாசம் நான் சொன்னனான்."

"நித்திரை இல்லாமல் நடந்ததெண்டு நானும் சொன்னனான்." அவள் வரவேற்பு மேசையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினாள். "இஞ்சை பாருங்கோ, போன வருசம் நீங்கள் லீவிலை நிண்ட ரெண்டு கிழமையும் என்ன செய்தனீங்கள்? கராஜுக்குள்ளை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தனீங்கள். லைட்டும் போடேல்லை. நான் கூப்பிட்டால் திரும்பேல்லை. அந்த மனிசனோடை நான் இருக்கவேணும், இந்த டொக்டர்ப் பிள்ளை இல்லை. உள்ளுக்குப் போய்க் கேக்கிறதுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ. எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறியள்தானே."

"உமக்குத் தெரியுமோ?"

"குளிக்கேக்கை சொல்லிப் பாக்கிறியள். தொண்ணூற்று மூண்டு, எண்பத்தாறு. வீடு முழுக்கக் கேக்குது."

வெட்கம் கழுத்தில் ஏறியது. இவ்வளவு நாளும் ஒளித்ததாக நினைத்தது குளியலறைக் கதவுக்கு வெளியே சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே அவளும் கயிறு கட்டக் குனிந்துவிட்டாள். அன்பால்தான். வேறு எதனாலும் யாரும் குனிவதில்லை. அவருக்கு அன்றைக்கு விலியாமியைப் பிடிக்காமலா இருந்தது, தம்பியைப் போல் பிடித்தது. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினாறு அடையாளங்களும் அசையாமல் நின்றன, அவற்றின் பின்னால் அது வந்தது, விலக்கி விலக்கி வைத்தது, இந்தத் தடவை விலகவில்லை. மூன்று கிழமைக்கு முன், பின்னேரம் மூன்றே முக்கால், பள்ளிக்கூடம் விட்ட நேரம், நாற்பது பேர் பஸ்ஸில். முன்னால் சிவப்பு விளக்கு. பார்த்தார். அது சிவப்பு என்று தெரிந்தது. அழகான, ஈரமான சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பு தன்னிடம் எதைக் கேட்கிறது என்று தெரியவில்லை. கேட்கிறது என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. காலைப் பார்த்தார். கால் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு சீனக் கிழவி, சக்கரப் பையை இழுத்துக்கொண்டு, பாதி கடந்திருந்தாள். அவள் தலையைத் திருப்பினாள். அவளுடைய வாய் திறந்தது, அப்போதுதான் கால் தானாக அமுக்கியது, பின்னால் சனம் முன்னால் சரிந்தது, யாருடைய போத்தலோ உருண்டு வந்து கதவில் இடித்தது. கிழவிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கை நீளம். அவள் திட்டவில்லை. பஸ்ஸின் முகத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு மிருகத்தைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு, நடந்து போனாள். யாருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு பச்சை வந்தது, பச்சை என்ன கேட்கிறது என்று உடனே தெரிந்தது. அந்த மூன்று விநாடிக்கு ஒரு பாட்டும் இல்லை. வியாழக்கிழமை என்று சொன்னால் அந்தக் கால் அமுக்குமா. எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்றால் அமுக்குமா.

"பேனையைத் தாரும்," என்றார்.

"எதுக்கு?"

"தாரும்."

அவள் தரவில்லை. அவர் எழுந்து வரவேற்பு மேசைக்குப் போய், நூலில் கட்டியிருந்த நீலப் பேனாவை எடுத்து, அங்கேயே குனிந்து நின்று எழுதினார். பெரிய கை, சின்னப் பேனா, எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல் வந்தது. பதினோராவதில் அவளுடைய கறுப்பு அடையாளத்தை விட்டுவிட்டு, மூன்றாம் கட்டத்தில் நீலத்தில் ஒன்று போட்டார். கீழே வெற்றிடத்தில், யூலை இருபத்து நான்கு, சிவப்பு விளக்கு, கடவையில் ஒரு பெண், எனக்கு அர்த்தம் விளங்கவில்லை, என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை அதன் இடத்தில் வைத்தார். அவர் திரும்பும் முன்பே பெயரைக் கூப்பிட்டார்கள்.

டொக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது போலிருந்தது. மேசையில் ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் தயாராக இருந்தன, மணிக்கூட்டுக்காகத்தான் இருக்கும். அவற்றைத் தொடாமல் முதலில் படிவத்தை வாசித்தார். ஒரு தடவை மேலிருந்து கீழே. பிறகு கீழே இருந்த நீல வரிகளில் நின்றார். தவராசா கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் எல்லாம் வரிசையாக நின்றன, கிழமை, திகதி, பருவம், மாடி.

"இதில் இரண்டு பேரின் எழுத்து இருக்கிறது," என்றார் டொக்டர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "ஒருவர் ஒன்றுமே மாறவில்லை என்கிறார். மற்றவர் இதைச் சொல்கிறார். நான் எதை நம்ப வேண்டும்?"

தவராசா வாயைத் திறந்தார். வதனி கையை நீட்டிப் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நீல வரிகளை வாசித்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி. வாசித்து முடிக்க அவ்வளவு நேரம் எடுக்கத் தேவையில்லை, மூன்று வரிதான், ஆனால் எடுத்தது. அவள் காது சிவந்தது. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர் எழுதினதை," என்றாள்.

டொக்டர் தலையசைத்தார். அடுத்த தடவை எப்போது ஓட்ட வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கு, இரண்டு நாற்பது, என்றார் தவராசா. டொக்டர் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். தவராசா பெரிய விரலால் டிப்போ எண்ணை அமுக்கினார்.

"டவ், என்ன? பிந்தி வருகிறாயா?" என்றான் டிப்போவில் டிரைவர்களுக்கு வேலை பிரிக்கிறவன். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"இல்லை. இரண்டு நாற்பதுக்கு வேறு ஆளைப் போடு."

"இன்றைக்கு மட்டுமா?"

வதனி இப்போது அவரைப் பார்த்தாள். பார்வையில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, சும்மா பார்த்தாள்.

"இல்லை," என்றார். "நாளைக்கும்."

"சரி. அதற்குப் பிறகு?"

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "அதற்குப் பிறகும் என்னைப் போடாதே," என்றார்.